தகர டின் வரவில்லையா?

மனைவி காலமானபின் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. "துடைத்து வைக்கத்தான் லாயக்கு" என்று அவள் கேலி செய்த கிட்டாரை எடுத்துக்கொண்டு புளோக் கீழ்த்தளத்தில் உட்காரத் தொடங்கினேன்.

அது சாதாரணக் கிட்டார் அல்ல. உடல் முழுக்க உலோகம். நடுவே துளையிட்ட வட்ட மூடி. அதற்குள் இருக்கும் மெல்லிய அலுமினியக் கூம்புதான் ஓசையைப் பெருக்கும். மின்சாரக் கிட்டார் பரவாத 1920களில், இசைக்குழுவின் இரைச்சலில் கிட்டார் அமுங்கிவிடாதிருக்க அமெரிக்காவில் குடியேறிய ஜான் டோபியேரா உருவாக்கிய 'ரெசொனேட்டர்' வகை.

முதல் நாளே எதிர்வீட்டுச் சீனத் தாத்தா நின்றுவிட்டார். "அங்கிள், இது என்ன, பிஸ்கட் டின்னா?" பத்தாண்டு அண்டை வீட்டார், அதுவரை தலையசைப்போடு சரி. மறுநாள் ஒரு மலாய் இளைஞர், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1985 இசைத்தொகுப்பு அட்டையில் இதே மாதிரி உண்டு என்றார். பள்ளிச் சிறுமி ஒருத்தி அதில் முகம் பார்த்துச் சிரித்தாள். என் வாசிப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. சுமார்தான்!

நேற்று கால் வலி, இறங்கவில்லை. மாலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தாத்தா, கையில் கோப்பிப் பொட்டலம். "இன்று டின் வரவில்லையே, உடம்பு சரியில்லையா?"

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.