காவலுக்கு வந்த குட்டியும் அதன் உரிமையும்



எங்கள் மரக்கடைக்குக் காவலாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. "முஸ்லிம் கடையில் நாயா?" என்று வியந்தோர் பலர். கேள்வி நியாயமானதே. அதற்கு நாங்கள் தேடிக்கொண்ட விடை பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பம் எங்களுடையது. கடைக்குப் பின்னால் தேக்குப் பலகைகளும் சட்டங்களும் அடுக்கிய திறந்த முற்றம் உண்டு. இரவுக் காவலிருந்த பெரியவர் முதுமையால் சொந்த ஊர் திரும்பிய பின், இருமுறை பலகைகள் களவு போயின. நாய் வளர்க்கலாம் என்று நான் சொன்னதும் வாப்பா அதை ஏற்கவில்லை. "தொழுகிற இடத்தில் நாயின் எச்சிலா? ஹஜ்ரத்திடம் கேட்காமல் எதுவும் வேண்டாம்" என்றார்கள்.

ஹஜ்ரத் நிதானமாக விளக்கினார்கள். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய்கள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. வேட்டை, கால்நடை, விளைநிலம் ஆகியவற்றின் தேவைக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இத்தேவைகளோடு ஒப்பிட்டு, வீட்டுக் காவலுக்கும் நாய் வளர்க்கலாம் என்பதே சரியான கருத்து என்கிறார்கள் இமாம் நவவி (ரஹ்). இத்தகைய பணிக்கென ஒரு குட்டியை எடுத்து வளர்ப்பதையும் அவர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் நம் மத்ஹபில் நாயை விலைக்கு வாங்குவது செல்லாது. எனவே, அண்டைத் தேநீர்க் கடைக்காரர் பராமரித்த தெருநாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றை, இரண்டு மாதம் நிறைந்ததும் விலையின்றிப் பெற்றுக்கொண்டோம்.

தூய்மைக்கான ஏற்பாடுகளை வாப்பாவே முன்னின்று செய்தார்கள். குட்டிக்கு முற்றத்தில் வேப்பமர நிழலில் இடம். தொழும் அறைப் பக்கம் அது வராதபடி ஒரு தடுப்பு. அதற்கெனத் தனிப் பாத்திரம். குழாயடியில் ஒரு தகரப் பெட்டி நிறையச் சுத்தமான மண். எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் அசுத்தம் தொற்றாது. உளூவுடன் வரும் வாடிக்கையாளர் அஞ்ச வேண்டியதில்லை. மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே என்பதையும் ஹஜ்ரத் நினைவூட்டினார்கள். நம் வழியை நாம் பேணுவோம். பிறர் வழியைப் பழிக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

இத்துடன் எல்லாம் முடிந்தது என்றே எண்ணினேன். அப்போது வாப்பா கேட்டார்கள்: "தேவைக்கு மட்டுமே அனுமதி என்றால், இது கிழடாகிக் குரைக்கவும் முடியாமல் போகும் நாளில் என்ன செய்வாய்?"

அக்கேள்வி என்னை உலுக்கியது. கடைத்தெருவில் ஒரு காலத்தில் காவல் காத்து, பின்னர் துரத்தப்பட்டு எலும்பும் தோலுமாய்த் திரியும் நாய்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அனுமதியின் எல்லையைக் கவனமாகக் கேட்டறியும் நாம், அந்த அனுமதியோடு வரும் கடமையைக் கேட்கிறோமா?

மார்க்கம் இதிலும் தெளிவாகவே இருக்கிறது. உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் பூனையைக் கட்டிவைத்த பெண் தண்டிக்கப்பட்டாள். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டிலேயே கால்நடைகளும் பிற விலங்குகளும் மனிதன்மீது கொண்டுள்ள உரிமைகளைத் தம் கவாயிதுல் அஹ்காம் நூலில் பட்டியலிட்டார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாமல் போனாலும் அதற்குரிய உணவை அளிக்க வேண்டும் என்பது அவ்வுரிமைகளுள் ஒன்று.

இதை ஹஜ்ரத் எடுத்துச் சொன்னதும், வாப்பா கணக்குப் புத்தகத்தில் காவல் செலவு என்று ஒரு பக்கம் திறந்தார்கள். சோறு, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஆண்டுதோறும் அதே ஊசி என்று எழுதினார்கள். பகல் முழுதும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று வேலையாட்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். குட்டி வளர்ந்து காவலுக்குத் தயாராக இன்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை நாம்தான் அதைக் காக்க வேண்டும். அதன் பணி முடிந்த பின்னரும் அப்படியே.

தூய்மைச் சட்டமும் கருணையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஏழு முறை கழுவும் கைதான் நேரம் தவறாமல் சோறும் வைக்க வேண்டும். வாயற்ற உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றி நாளை நம்மிடம் கேட்கப்படும். அந்த அமானிதத்தை முழுமையாக நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.