இரண்டு விமானங்கள், ஒரே அளவுகோல்

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலை ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்க வேண்டுமா? மலைமேல் கொஞ்சம் ஏறத்தான் வேண்டும். ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் கல் பாதையில் ஒரு திருப்பம் வரும். அங்கே நின்று கீழே பார்த்தால், 25 ஏக்கர் கோயிலும் ஒன்பது கோபுரங்களும் யாரோ மேஜைமேல் செய்து வைத்த மாதிரி தெரியும். அடிவாரத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த ராஜகோபுரம், இங்கே கட்டை விரலுக்குள் அடங்கிவிடும்.

பெரியதைச் சிறிதாக்கி, அளவு மாறாமல் முன்னால் வைத்துக்கொள்ளும் ஆசை மனிதனுக்குப் பழையது. அதில் ஒரு வகைதான் போர் விமானங்களை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்யும் கலை. அண்ணாமலையார் ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். முதல் சம்பந்தம், பெயரிலேயே இருக்கிறது. கோயில் வாசலில் நிற்பது கோபுரம். கருவறைக்கு மேலே எழுவது விமானம். வானில் பறப்பதற்கும் தமிழில் அதே பெயர்தான்!

இரண்டாவது சம்பந்தம், கணக்கு. சிற்ப சாஸ்திரத்தில் ‘தாளம்’ என்றால் முகத்தின் நீளம். ஒரு சிலை ஒரு முழ உயரமோ, ஓர் ஆள் உயரமோ, அதன் முகத்தை வைத்தே மற்ற அங்கங்களை ஸ்தபதி அளக்கிறார். மாதிரி விமானம் செய்பவருக்கும் விகிதம்தான் உயிர். உலகெங்கும் அதிகம் புழங்கும் விகிதம் 72-ல் ஒன்று. ஆறு அடி மனிதன் அதில் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். இதே கணக்கில் திருவண்ணாமலையை அளந்தால் சுவாரஸ்யமாக இருக்கும். 217 அடி ராஜகோபுரம் மூன்று அடியாகும். 2,668 அடி மலை 37 அடியாகும். ஒரு மூன்று மாடி வீட்டு உயரம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை 200 மீட்டருக்குள் சுற்றி முடித்துவிடலாம்!

இனி அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிஜ விமானத்தை நிறுத்திப் பார்க்கலாம். அதற்கு அதிக தூரம் போக வேண்டாம். நேர்கோட்டில் சுமார் 115 கிலோமீட்டரில், வடகிழக்கே அரக்கோணம். அங்கே இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் 1992-ல் திறக்கப்பட்டது. கழுகு இனப் பறவையான ராஜாளியின் பெயர் கொண்ட அந்தத் தளத்தின் ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். சோவியத் நாட்டிலிருந்து இந்தியா வாங்கிய எட்டு டி.யு.-142 விமானங்கள் அங்கிருந்துதான் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலுக்கு மேல் பறந்தன. ஒன்றின் நீளம் 53 மீட்டர். வாலை ஊன்றி நிமிர்த்தி நிறுத்தினால், ராஜகோபுரத்தில் ஐந்தில் நான்கு பங்கு உயரத்துக்கு வரும்.

72-ல் ஒன்று அளவில் அதைச் செய்தால் 74 சென்டிமீட்டர். வீட்டு ஷோகேஸில் ஒரு தட்டு முழுக்க அதற்கே போய்விடும். பெரியதைவிடச் சிறியதில்தான் வேலை அதிகம். டி.யு.-142-க்கு நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். ஒரு விசிறிக்கு நான்கு இறக்கைகள். ஆக மொத்தம் 32 இறக்கைகளை ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பெயின்ட் அடித்து ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் பிசகியதாகக் கணக்கு. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தக் கலை சரிப்படாது.

வெளிநாட்டில் தயாராகும் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சின்னங்களே இருக்கும். நடுவில் பச்சை, பிறகு வெள்ளை, வெளியே காவி என்ற நம் விமானப்படை வட்டத்தை எங்கே, எந்த அளவில் ஒட்டுவது? எந்த ஆண்டில் எந்தச் சாயம் அடித்தார்கள்? இதற்குப் புத்தகம் வேண்டும். இங்கிலாந்தில் பிரெட் ஜேன் 1909-ல் தொடங்கிய உலக விமானத் தொகுப்பு இந்தத் துறைக்கு மூத்தது. நம் நாட்டில் அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர், 2021-ல் காலமான புஷ்பிந்தர் சிங். இந்திய விமானப்படையின் விமானங்களை ஒவ்வொன்றாக அவர் பதிவு செய்த நூல்கள், மாதிரி செய்பவர்களுக்கு இன்றும் கைவிளக்கு.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. வானில் வருவது நண்பனா எதிரியா என்று நிழலைப் பார்த்தே வீரர்கள் சொல்லப் பழகுவதற்காக! போர் முடிந்த பிறகு மாதிரிகளுக்கு இன்னொரு வேலை வந்தது: மறைந்துபோன விமானங்களை நினைவில் வைத்திருப்பது.

கோபுரம் கல்லும் சுதையுமாக நூற்றாண்டுகள் நிற்கும்; கும்பாபிஷேகம் செய்து புதுப்பிப்பார்கள். போர் விமானத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஓய்வு பெற்றதும் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1961-ல் முதலில் பறந்த நம் ‘மாருத்’ 147 மட்டுமே தயாரானது. இன்று ஒன்றுகூடப் பறக்கவில்லை. சில மட்டும் காட்சிக்கு நிற்கின்றன. அரக்கோணத்து டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச் 29-ல் விடைபெற்றன. 62 ஆண்டுகள் பறந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் ஓய்வு பெற்றது. அவற்றில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கு மிஞ்சியது, பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மாதிரியும் நாலு பக்கப் படமும்தான்.

நிஜ டி.யு.-142-ஐப் பார்க்க ஆசைப்படுபவர்கள் விசாகப்பட்டினம் போகலாம். கடற்கரைச் சாலையில், நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்கு எதிரில், 2017 டிசம்பர் முதல் ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. வயிற்றுக்குள் ஏறிப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், அடுத்த பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும்போது பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுக்கலாம். அட்டையில் ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு மனிதனை வெட்டச் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் ராஜகோபுரம் எத்தனை அடி, விமானம் எத்தனை அங்குலம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தேவையானது ஒரு ஸ்கேலும் பென்சிலும்தான்.