டவர் மேல பழி போடாதீங்க பாஸ்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மோடம் வெச்சு ஏதாவது பண்ணப் போறீங்களா? சோல்டரிங் அயர்னைக் கொஞ்சம் கீழே வெச்சுட்டு, என் கதையைக் கேளுங்க.

2012. நானும் என் பார்ட்னரும் சித்தப்பா தோட்டத்து போர்வெல் மோட்டாரை செல்போனில் ஆன், ஆஃப் செய்யும் போர்டு ஒன்றைச் செய்தோம். ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சிம்900 மாட்யூல். கோட் அவன், பவர் சப்ளை நான். லேப்பில் மூணு நாள் விடாமல் ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தோட்டத்தில் மாட்டினோம்.

அங்கேதான் ஆரம்பிச்சது வினை. திடீர் திடீரென மோடம் செத்துவிடும். ரீசெட் பண்ணினால் உயிர் வரும். ‘டவர் சரியில்ல’ என்றேன். சிம் மாற்றினோம். ஆன்டெனா மாற்றினோம். அப்புறம், ‘உன் கோட்லதாண்டா பக்’ என்று பார்ட்னரைப் பிடித்துக் காய்ச்சினேன். அவன் முகம் சுருங்கிப்போச்சு.

ஒருநாள் சித்தப்பா வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தபடி மோட்டாரை ஆன் செய்தார். ஆன் ஆச்சு. ஆஃப் செய்ய மெசேஜ் அனுப்பினார். பதிலே இல்லை. போரில் தண்ணி இறங்கி, மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. “பரவால்ல விடு சாமி, காயில் கட்டிக்கலாம்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்!

பார்ட்னர் என்னோடு வாதாடவில்லை. கோடில் நாலு வரி சேர்த்து, மோடம் சாகும் நேரத்தையெல்லாம் பதிவு பண்ண வைத்தான். ரெண்டே நாளில் விடை வந்தது: சாகும்போதெல்லாம் அது டேட்டா அனுப்பிக்கொண்டிருந்தது. சிக்னல் அளவு, ‘ஏடி+சிஎஸ்க்யூ’ கமாண்டில் லேப்பில் 24, தோட்டத்தில் 8.

விஷயம் இதுதான். டவர் பக்கத்தில் இருந்தால் மோடம் மெதுவாகப் பேசும். தூரத்தில் இருந்தால் முழு பலத்தோடு கத்தும். கத்தும்போது 2 ஆம்பியர் வரை கரன்ட் இழுக்கும்; அதுவும் 4.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, அரை மில்லி செகண்டுக்குச் சற்று அதிகமாக. (ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போன் வைத்தால் ‘டர்ர்ர்’ என்று கேட்குமே, அதே துடிப்புதான்.) நான் வைத்தது 7805 ரெகுலேட்டரும் ரெண்டு டயோடும். அது ஒரு ஆம்பியர் கொடுக்கும் ஆசாமி. வோல்டேஜ் 3.2-க்குக் கீழே சரிந்ததும் மாட்யூல் படுத்துவிட்டது. மல்டிமீட்டரில் பார்த்தபோது எல்லாம் ‘ஓகே’. அது சராசரியைத்தானே காட்டும்!

லேப்பில் ஆன்டெனாவை எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் வைத்து, மூடியை அரைகுறையாக மூடி சிக்னலைக் குறைத்தோம். சி.ஆர்.ஓ-வில் வோல்டேஜ் பள்ளம் பள்ளமாக விழுந்தது. பார்ட்னர் ஒண்ணும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். “சாரிடா... தப்பு என்னுது” என்றேன். நாலு வருஷ காலேஜ் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான வாக்கியம் அதுதான்!

3 ஆம்பியர் தரும் எல்எம்2576 போட்டோம். ஒயரைக் குட்டையாக, தடிமனாக்கினோம். மாட்யூலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. மோடம் பதில் சொல்லாவிட்டால் பவர் கீ பின்னை ஒரு செகண்டுக்கு மேல் லோ செய்து, கோடே அதை எழுப்பிவிடும்.

ஆனால், பெரிய பாடம் வேற. நல்ல சப்ளை கொடுத்தாலும் கனெக்‌ஷன் என்றாவது ஒருநாள் அறுந்தே தீரும். அப்போ உங்க போர்டு என்ன செய்யும்? இந்தக் கேள்வியை நாங்க முதல்நாளே கேட்டிருக்கணும். மோடம் செத்தாலும், தண்ணி இல்லையென்றால் போர்டே மோட்டாரை நிறுத்தும்படி கடைசியில் மாற்றினோம். சித்தப்பா காயில் கட்டிய பிறகு!

இன்னைக்கு நீங்க 4ஜி மாட்யூல் வாங்கினாலும், டேட்டாஷீட்டில் ‘பீக் கரன்ட்’ என்ற வரியை முதலில் தேடுங்க. டவரைத் திட்டுறதுக்கு முன்னாடி சப்ளையைப் பாருங்க. பார்ட்னரைத் திட்டுறதுக்கு முன்னாடி... உங்க சோல்டரிங்கைப் பாருங்க பாஸ்!