எட்டிற்கு நான்கு குறைவு

தம்மை நிறுத்துப் பார்க்க அஞ்சாதார் உலகில் மிகச் சிலரே. மாணாக்கராகிய நாமோ ஆண்டுதோறும் இருமுறை பரீட்சையென்னும் தட்டில் ஏற்றப்படுகின்றோம். எனினும் பிறர் நம்மை நிறுப்பது வேறு. நம்மை நாமே நிறுப்பது வேறு. பின்னதன் அருமை சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எனக்கு விளங்கிற்று. அதனைக் கூறுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்பை விழைந்து, அதற்குரிய விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், ஊர் முதலியவற்றைக் கடந்து, தரப்புள்ளிச் சராசரி என்னும் கட்டத்தை எய்தியதும் விரல் நின்றது. முடிந்த ஐந்து பருவங்களுக்கும் உரிய சராசரியை விண்ணப்பிப்போரே கணித்து எழுதுதல் வேண்டுமாம். அஃது எட்டிற்குக் குறையின் உதவிச் சம்பளம் இல்லை.

நமது அளவை பத்து. அவர்களது அளவை நான்கு. 2015ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் பரவச்செய்த முறைப்படி, 'ஓ' என்னும் தரத்திற்குப் 10, 'ஏ பிளஸ்' என்பதற்கு 9, 'ஏ' என்பதற்கு 8 எனப் புள்ளிகள் இறங்கி, தேர்ச்சி மாத்திரம் பெற்றார்க்கு 4 ஆகின்றன. அவர்களுக்கோ 'ஏ' என்பது 4, 'பி' என்பது 3. பத்தில் எட்டை நான்கிற்கு வகுத்து 3.2 என எழுதின், நம் 'ஏ' அவர்தம் 'ஏ'யினும் தாழ்ந்துபோம். ஆதலின் பெற்றதைப் பெற்ற அளவையிலேயே எழுதுக என்று அப்பல்கலைக்கழகங்கள் பல பணிக்கின்றன. இது நேரிய வழியே.

என் பருவச் சராசரிகள் முறையே 8.5, 8.5, 7.0, 8.0, 8.0. இவற்றைக் கூட்டினேன், நாற்பது. ஐந்தால் வகுத்தேன், எட்டு! ஒரு மயிரிழையும் குறையாத எட்டு. கர்த்தருக்கு நன்றி கூறி, எந்தையாரிடம் ஓடினேன்.

எந்தையார் எங்கள் சிற்றூரில் மளிகைக் கடை நடத்துபவர். கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். இக்காலத்து மின்தராசையே அவரும் கையாள்கின்றார். திரையில் சுழியம் தோன்றிய பின்னரன்றிப் பொருளை அதன்மேல் வையார். யான் கூறியதனைத்தையும் கேட்டிருந்து, "ஐந்து பருவமும் ஒரே எடைதானா, தம்பி?" என்றார்.

யான் விழித்தேன்.

"கிலோ 40 ரூபாய் அரிசியில் ஒரு கிலோவும் 60 ரூபாய் அரிசியில் மூன்று கிலோவும் கலந்தால், கலவை கிலோ என்ன விலை? ஐம்பதா?"

"இல்லை, அப்பா. ஐம்பத்தைந்து."

"உன் கணக்கிலும் அப்படித்தானே?"

அப்படித்தான். ஒவ்வொரு பாடத்திற்கும் மதிப்பலகு உண்டு. வாரம் ஒரு மணி விரிவுரைக்கு ஓர் அலகு என்பது பொது வழக்கு. பாடத்தின் அலகைத் தரப்புள்ளியாற் பெருக்கி, அவற்றைக் கூட்டி, மொத்த அலகுகளால் வகுத்தல் வேண்டும். பருவங்களுக்கும் அதுவே விதி. என் பருவங்களின் அலகுகள் 22, 22, 26, 24, 26, ஆக 120. பெருக்கிவந்த புள்ளிகள் 187, 187, 182, 192, 208, ஆக 956. வகுத்தால் 7.97. எட்டிற்கு வேண்டுவன 960. நான்கு புள்ளிகள் குறைந்தன.

அந்நான்கும் எங்கே போயின என்பதை யான் நன்கறிவேன். மூன்றாம் பருவத்தில், கல்லூரி நாடகத்தில் வேடம் பூணும் ஆசையால், மாலைதோறும் ஒத்திகைக்குச் சென்றேன். இலக்கணப் பாடங்களை நாளை நாளை என்று தள்ளினேன். கனமான பருவமும் அதுவே. யான் இலேசாகக் கருதியதும் அதனையே.

அன்றிரவு உறக்கம் வந்திலது. "ஐந்தால் வகுத்ததும் ஒரு சராசரிதானே? முறை அறியாது எழுதினேன் என்றால் யார் குற்றங் கூறுவர்?" என மனம் வழக்காடிற்று. அறியாதவன் எழுதினால் அது பிழை; அறிந்தவன் எழுதினால் அது கள்ளத்தராசு. மாலை வரையில் யான் அறியாதவன், இரவில் அறிந்தவன். துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கிய வள்ளுவரைப் பரீட்சைக்காக நெட்டுருச் செய்தவனும் யானே.

விடியலில் 7.97 என்று எழுதினேன். உதவிச் சம்பளத்திற்குத் தகுதியில்லை என்று திரை உடனே அறிவித்தது. அச்சம்பளமின்றிக் கடல் கடத்தல் எங்கள் குடும்பத்திற்கு இயலாத செயல். எந்தையாரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்பு, "இன்னும் ஒரு பருவம் இருக்கிறதே" என்றார்.

ஆம், இருக்கிறது. அதற்கு 20 அலகுகள். 140 அலகுகளுக்கு எட்டு வீதம் 1,120 புள்ளிகள் வேண்டும், கையிலுள்ளன 956, எஞ்சியவை 164. இறுதிப் பருவத்தில் 8.2 எடுப்பின், மெய்யான எட்டு எனக்கு உரித்தாகும். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். எடுப்பேனோ, அறியேன்.

நண்பர்காள்! இக்கணக்கை முதலாண்டிலேயே போட்டுப் பாருங்கள். எந்தப் பாடம் எத்துணைக் கனம் என்பதை அறிந்து உழையுங்கள். என் மேசைமீது இப்பொழுது நன்னூல் திறந்து கிடக்கின்றது. நாடக ஒத்திகைக்கு அழைக்க வருவோர் பொறுத்தருள்க.