ஒரு மில்லிமீட்டருக்குப் பதினொன்று

மெல்பர்னின் கேரம் டவுன்ஸுக்குத் தமிழர்கள் வருவது பெரும்பாலும் பவுண்டரி ரோட்டில் இருக்கும் சிவா விஷ்ணு கோவிலுக்குத்தான். சனிக்கிழமைகளில் நான் போனது, அங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்கு. ரேடியோ இந்த ஊருக்குப் புதிதல்ல. குடிநீர், எரிவாயு, மின்சார நிலையங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உதவும் டேட்டா ரேடியோக்களைச் செய்த ட்ரையோ டேட்டாகாம் இங்கே ஆஸ்டர் அவென்யூவில்தான் இருந்தது. பின்னாளில் அது ஷ்னைடர் எலக்ட்ரிக் வசம் போனது. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணையும் ரேடியோ வேலையிலேயே தலை நரைத்தவர்.

நான் மென்பொருள்காரன். லோரா ரேடியோ சிப் ஒன்றை வாங்கினால் பல கிலோமீட்டர் தானாகக் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தோடு போனேன். பிரான்ஸின் சைக்லியோ உருவாக்கி, 2012-இல் செம்டெக் வாங்கிய நுட்பம் அது. இரைச்சலுக்கும் கீழே புதைந்த சிக்னலைக்கூடப் பிரித்தெடுக்கும். அண்ணை ஒரு தாளில் கணக்குப் போட்டார். அனுப்பும் சக்தி 22 டிபிஎம், அதாவது 160 மில்லிவாட் அளவு. தடையில்லாத வெளியில் 10 கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 112 டெசிபல். இரு முனையிலும் ஆன்டெனா 2 டெசிபல் வீதம் கொடுத்தால், வந்து சேர்வது கழித்தல் 86. மெதுவாக அனுப்பினால் சிப் கழித்தல் 130 வரை கேட்கும். நாற்பது டெசிபலுக்கு மேல் மிச்சம்.

"பிறகேன் தம்பி கனபேற்றை செட் ரெண்டு கிலோமீட்டரிலேயே பேசாமல் போகுது?" என்று கேட்டார். அதன்பின் நான் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதல் பாடம் கம்பி. 920 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 8.15 சென்டிமீட்டர். கம்பி பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி போர்டில் உள்ள கிரவுண்ட் செம்பு. ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியை அளக்கும் நானோவிஎன்ஏ கருவியை மாட்டிவிட்டு, ஒரே கம்பியைப் பெரிய செம்புத் தகட்டின் மேலும் கட்டைவிரல் அளவு போர்டிலும் வைத்துக் காட்டினார். திரையில் வளைகோட்டின் பள்ளம் வேறு வேறு இடத்தில் விழுந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்ததும் இன்னும் குறைந்த அலைவரிசைக்கு இறங்கியது. பேட்டரியை அருகில் நகர்த்தினால் மறுபடி மாற்றம். கையால் பிடித்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, எல்லாப் பொருளையும் உள்ளே வைத்து, மூடிப் பார்த்து, பிறகு திறந்து கத்தரிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் பள்ளம் 11 மெகாஹெர்ட்ஸ் அளவு மேலே போகும். நமக்கு இங்கே கிடைக்கும் பட்டையோ 915 முதல் 928 வரை, மொத்தமே 13! நல்லவேளை, பள்ளம் அவ்வளவு ஒடுக்கமானதல்ல. இந்தியாவில் 865-ஐ ஒட்டிய பட்டை. சென்னையில் வாங்கிய ஆன்டெனாவை இங்கே அப்படியே மாட்டக்கூடாது என்பதும் அப்போது புரிந்தது.

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினார். கருவி அதற்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டது. சக்தி திரும்பி வரவில்லைதான்; ஆனால் அது காற்றுக்குப் போகாமல் சூடாகிக்கொண்டிருந்தது. கேபிளும் இதையே செய்யும். 10 மீட்டர் ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் ஏறத்தாழ 5 டெசிபலைத் தின்றுவிடும். மூன்றில் இரண்டு பங்கு சக்தி வழியிலேயே போய்விட்டது. மோசமான கேபிள் மோசமான ஆன்டெனாவையும் நல்லதாகக் காட்டும். கருவியை நம்பிக் கடையில் பேரம் பேசுகிறவர்கள் கவனிக்க.

பெருக்கி வைத்து வாட்டைக் கூட்டலாமே என்றேன். சட்டம் ஒரு பக்கம்: இந்தப் பட்டையில் தனி உரிமம் இல்லாத இத்தகைய கருவிகள் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து அனுப்பக்கூடிய உச்சம் 1 வாட். 22 டிபிஎம் சிப்புக்கு 8 டெசிபல் யாகி மாட்டினாலே அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். இன்னொரு பக்கம், வெட்டவெளியிலேயே தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும். "வாட்டைக் கூட்ட முதல் உயரத்தைக் கூட்டும்" என்றார் அண்ணை.

கேரம் டவுன்ஸ் பகுதி பழைய சதுப்பு நிலத்தை ஒட்டிய தட்டை நிலம். கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் ரேடியோவுக்கும் தெரிகிறது என்று ஆகாது. 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அலை சுமார் 28 மீட்டர் ஆரத்துக்குப் பருத்திருக்கும். ஃப்ரெனல் வலயம் என்பார்கள். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 17 மீட்டர், வெறுமையாக இருக்க வேண்டும். யூகலிப்டஸ் மரங்களும் தகரக் கூரைகளும் நிற்பது சரியாக அதற்குள்தான். ஆர்தர்ஸ் சீட் குன்று 300 மீட்டருக்கு மேல் உயரம், இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். கொட்டகைக் கூரையிலிருந்து அனுப்பிய செய்தி அங்கே தாராளமாகக் கேட்டது. அதே பெட்டியைத் தரையில் வைத்தபோது அடுத்த தெருக்களிலேயே திணறியது.

இப்போது சொந்தமாக போர்டு வரைகிறேன். 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண எஃப்ஆர்-4 பலகையில் 50 ஓம் தடம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலம் கேட்கிறது. ஆன்டெனாவுக்கு அடியில் செம்பே கிடையாது. அதற்கு முன்னால், ஆன்டெனாவை 50 ஓமுக்கு இசைவிக்கும் மூன்று சிறு பாகங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவற்றில் எந்தக் கண்டென்சர், எந்தச் சுருள் என்பதைப் பெட்டியும் பேட்டரியும் வந்து, மூடியைப் பூட்டி அளந்த பிறகுதான் முடிவுசெய்ய முடியும்.