ஒரு கீரை, இரு தட்பவெப்பம்

பாலக்காட்டிலிருந்து இடுக்கி மாவட்டத்துக் காந்தளூருக்கு ஒரு பகற்பொழுதில் போய்ச் சேரலாம். பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை வரை இரயில். அங்கிருந்து சின்னாறு வனத்தைக் கடந்து மறையூர் வழியே மலைச்சாலை. கேரளத்தில் புறப்பட்டுத் தமிழ்நாட்டைக் கடந்து மீண்டும் கேரளத்தில் நுழையும் வழி இது. மனிதர் வகுத்த எல்லையைப் பயிர்கள் அறியா. உயரத்தையும் காற்றையுமே அவை அறியும்.

நம் இரயில்வே குடியிருப்புகளில் பார்ஸ்லி என்னும் கீரையைத் தொட்டியில் விதைத்து, முளைக்கக் காணாமல் சலித்த குடும்பங்கள் உண்டு. “வந்த ஊர் மண் நமக்கு ஒத்துவராது” என்று அவர்கள் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். குற்றம் மண்ணினுடையதன்று என்பதே நம் கருத்து.

பார்ஸ்லி மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரியது; கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் இனம். கொத்தமல்லி வெயில் கண்டதும் பூத்து ஓய்ந்துவிடும். இதுவோ ஈராண்டுப் பயிர். இதமான குளிரில் மாதக்கணக்கில் இலை தரும். இளம் உறைபனியையும் தாங்கும். கடும் வெப்பத்தில்தான் வாடும்.

காந்தளூர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மலையின் மழை மறைவில் அமைந்தது. கேரட்டும், பீன்ஸும், 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டும் விளையும் படிக்கட்டு வயல்கள் அங்கே உள்ளன. நாம் சென்றபோது பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் தமிழிலேயே சொன்னார்: “கேரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப்போகும், தம்பி. விதைத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.” ஆணிவேருள்ள பார்ஸ்லிக்கும் இவ்வறிவுரை பொருந்தும். கேரட் செழிக்கும் அத்தகைய குளிர்நிலத்தில் இதனைத் திறந்த வெளியிலேயே விதைக்கலாம். பெருமழையில் நீர் தேங்காமல் காத்தால் போதும்.

பாலக்காடோ 100 மீட்டர் உயரமும் இல்லாத சமவெளி. மலைத்தொடரின் கணவாய் வழியே மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழ்க்காற்று வீசும். கோடையில் சில ஆண்டுகள் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஆகவே இங்கே பருவமறிதலே முதற்பணி. ஐப்பசியில் விதையுங்கள். புது விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஒரு சாண் ஆழமுள்ள தொட்டியில் அரை அங்குல மண் மூடி, ஈரம் காயாமல் காத்திடுங்கள். முளைக்க மூன்று, நான்கு வாரங்கள் செல்லும். பலர் பொறுமை இழப்பது மூன்றாம் வாரத்தில்தான்!

கீழ்க்காற்று தொடங்கியதும் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்குங்கள். மாசி பிறந்ததும் வீட்டினுள், காலை வெயில் படும் கிழக்குச் சன்னலருகே கொணருங்கள். வெளித்தண்டுகளை அடியோடு கிள்ளினால் நடுக்குருத்து மேலும் தழைக்கும். கோடையில் வளர்ச்சி குன்றினால் வருந்த வேண்டா; மறு ஐப்பசியில் புதிதாய் விதைக்கலாம்.

மாற்றல் உத்தரவு எப்போது வருமோ என்றிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல்: வேர் பெயர்ப்பதை விரும்பாத செடி இது. ஆதலால் எந்தத் தொட்டியைக் கையோடு கொண்டுபோக எண்ணுகிறீர்களோ, அதிலேயே விதையுங்கள். ஊர் மாறினும் வேர் அசையாது. போய்ச் சேரும் இடம் மலையாயின் முற்றத்தில் வையுங்கள். சமவெளியாயின் சன்னலருகே வையுங்கள்.