கீழேயே உட்காருங்க

எங்கள் ஊர்ப் பெயரில் மலை இருக்கிறது. ஊரில் மலை இல்லை. திருமலைராயன்பட்டினத்தில் நின்று பார்த்தால் மேற்கே வயல், கிழக்கே கடல். உயரம் என்று அண்ணாந்து பார்க்கக் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும்தான். பெயர், 15ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட திருமலைராயனுடையது. அவன் அவையில் அவமானப்பட்ட காளமேகப் புலவர், ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று சபித்ததாகக் கதை. சின்ன வயதில் கடற்கரை மணல்மேட்டைக் காட்டி, “அந்த மண்தான் இது” என்பார் அம்மா. அறுபத்தேழு வயதுவரை அவர் ஏறியிருந்த மலை அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளியே போகாதவர்கள் இல்லை. வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு எல்லாம் போவோம். ஆனால் வேண்டுதல் இருக்க வேண்டும். பிள்ளைக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், புருஷனுக்குக் குடி நிற்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளே எங்கள் பட்டினச்சேரிக் கடற்கரைக்கு வருகிறார். மீனவர்கள் “மாப்பிள்ளை” என்று கொண்டாடி வரவேற்கிறார்கள். சாமிக்குக்கூட ஊர்விட்டு ஊர் வந்து கடல் பார்க்க ஒரு நாள் உண்டு. சும்மா பார்க்க என்று எங்களுக்கு ஒரு நாள் கிடையாது.

அதனால் பொய் சொன்னோம். எங்கள் மகளிர் குழுவில் பதினான்கு பேர் சேர்ந்து வேன் பேசினோம். வீட்டில் சொன்னது, நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில். எங்கள் திட்டத்தில் இருந்தது சித்தன்னவாசல், நார்த்தாமலையின் மேலமலை, அதைச் சுற்றிய காப்புக்காடு. கோயிலுக்குக் கடைசியில் பத்து நிமிடம், குங்குமம் வாங்கிக்கொள்ள.

விடிகாலை நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. அதற்குள் எல்லோரும் வீட்டில் மூன்று வேளைக்குச் சமைத்து மூடி வைத்திருந்தோம். ஒரு நாள் லீவுக்கு முந்தைய நாளும் வேலை, மறுநாளும் வேலை. திருவாரூர், தஞ்சாவூர் தாண்டிப் புதுக்கோட்டை போகிறவரை யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எங்கே போவது? ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். பதினான்கு பேரும் ஒரு வேலிக்காத்தான் புதர் பின்னால் ஆளுக்கு ஆள் காவல் நின்றோம். இதையும் சுற்றுலாக் கட்டுரையில் எழுதத்தான் வேண்டும்.

சித்தன்னவாசலில் காத்திருந்த வழிகாட்டி, வேனில் இருந்து இறங்கியவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஜென்ட்ஸ் யாரும் வரலையா?” என்று கேட்டார். மரியாதையான மனிதர்தான். நாள் முழுக்க எங்களோடு பேசும்போது டிரைவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

முதலில் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, மறுபக்கம் விளிம்போரமாக இறங்கினால் இயற்கையான குகை. உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய 17 கல் படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் மேடாக. ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து, இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. சமணத் துறவிகள் தங்கிய இடம். அம்மா படியைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். “பெரியம்மா, நீங்க கீழேயே உட்காருங்க” என்றார் வழிகாட்டி. அம்மா என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன், “ஆமாம்மா, முட்டி வலிக்கும். கீழேயே உட்காரு.”

அம்மா உட்கார்ந்தார். நாங்கள் ஏறினோம். மேலே காற்று அப்படி அடித்தது.

அந்தக் குகை வாசலில் கவுந்தியடிகள் நினைவுக்கு வந்தார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியையும் கோவலனையும் மதுரைக்கு அழைத்துப்போன சமணப் பெண் துறவி. எங்கள் கடற்கரைக்கு வடக்கே உள்ள பூம்புகாரில் தொடங்கிய அந்த நடை, இந்தப் பக்கத்துக் கொடும்பாளூர் வழியைத் தொட்டுத்தான் போகிறது. வீட்டைவிட்டு வெளியே நடந்தறியாத கண்ணகிக்கு வழித்துணை ஒரு வயதான பெண். கவுந்தியடிகளை யாரும் கீழே உட்காரச் சொல்லியிருக்க முடியாது. துறந்துவிட்ட பெண்ணுக்கு வழி விடுகிறார்கள். எங்கள் காரைக்கால் அம்மையாரும் அப்படித்தானே? சதையை உதறிப் பேயுருவான பிறகே தலையால் நடந்து கயிலை ஏறினார் என்கிறது பெரியபுராணம். குடும்பத்தோடும் உடம்போடும் இருக்கிற பெண்ணுக்கு மலை எப்போது?

அறிவர் கோயிலுக்கு அம்மாவும் வந்தார். அங்கே அதிகம் ஏற வேண்டியதில்லை. 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். தூணில் இருக்கும் ஆடல் மகளிரின் இடுப்பைப் பற்றி வழிகாட்டி நெடுநேரம் பேசினார். எங்கள் ஆட்களோ அண்ணாந்து விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு தாமரைக் குளம். மீன், யானை, எருது, பறவை, நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். அந்த மீன் கெண்டையா கெளுத்தியா என்று இருவருக்குள் சண்டை. ஒருத்தி சொன்னாள், “ஆம்பளைங்க குனிஞ்சு வேலை செய்யற படம் இப்பத்தான் பாக்கறேன்.” கருவறையில் நின்று ‘ம்’ என்று முனகினால் சுவர் அதிர்ந்து திருப்பித் தரும். அந்த முனகலுக்குள் எங்கள் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

வேனில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார், “நீயும் உங்கப்பா மாதிரியே சொன்ன.”

பதில் இல்லை என்னிடம். அப்பா ஐம்பது வருடம் சொன்னதெல்லாம் அதுதான். உனக்கெதுக்கு, உனக்கு முடியாது, இங்கேயே இரு. அடித்ததில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதே அக்கறை இப்போது என் வாயிலிருந்து வந்தது. பெண்களை வீட்டில் நிறுத்தி வைப்பது ஆண்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வழியில் சைக்கிளில் போன ஒரு பாட்டியைப் பார்த்துப் பேச்சு மாறியது. இது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம். குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைத்த பெண்களுக்கே குவாரிகள் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. இந்தப் பாறைகளில் பெண்கள் ஏறுவது புதிதல்ல. சுத்தியலோடு ஏறினால் யாரும் தடுத்ததில்லை.

மேலமலையில் படி கிடையாது. வெறும் சரிவுப் பாறை. அம்மா யாரையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினார். வெறுங்காலோடு நடந்தார். மூன்று இடத்தில் நின்றார். நான் கை கொடுக்கப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மேலே விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்து நிற்கிறது. வட்டமான கருவறை. எதிரே இரண்டு குடைவரைகள். வழிகாட்டி ராஜாக்கள் பெயரை அடுக்கினார். சின்ன குடைவரைக்குப் பெயர் பழியிலி ஈச்சரம். அதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி என்ற முத்தரையன். அதற்கு முன்மண்டபம் எடுப்பித்துக் கொடை தந்தது அவன் மகள், பழியிலி சிறியநங்கை. நிருபதுங்கவர்மன் காலத்துக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. வழிகாட்டி சொல்லவில்லை, நான் சொன்னேன். “பழியில்லாதவளா?” என்று கேட்டார் அம்மா. பிறகு, “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இவ்வளவு தூரம் ஏறி வந்து கட்டியிருக்கா. அவளையும் யாராவது கேட்டிருப்பாங்க, எங்கடி போனேன்னு” என்றார்.

இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. காப்புக்காட்டின் ஓரத்தில் வழிகாட்டி நிறுத்தினார். “இதுக்கு மேல லேடீஸ் தனியா போறது சேஃப் இல்ல.” அவர் சொல்லி முடிப்பதற்குள் மரங்களுக்கு நடுவிலிருந்து நான்கு பெண்கள் தலையில் சுள்ளிக்கட்டோடு வந்தார்கள். எங்களைப் பார்த்து, “எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள். அடுப்புக்காகப் போனால் காடு பயமில்லை. பார்க்கப் போனால் பயம். நாங்கள் இருபது அடி உள்ளே போய், சும்மா நின்று, குயிலைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

மாரியம்மனிடம் குங்குமம் வாங்கினோம். ஊர் சேரும்போது இரவு பதினொன்றரை. அம்மாவின் முட்டி வீங்கியிருந்தது. நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று. சூடு பண்ணிய எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே அம்மா சொன்னார்:

“அடுத்த தடவ கோயிலுக்குன்னு சொல்லாத. மலைக்குப் போறோம்னே சொல்லு.”